ஒப்புக்குச் சேர்ப்பது விளையாட்டாகுமா?

கோடை விடுமுறை தொடங்கியதும் தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் தொடர்வண்டிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல ஏறுகின்றன. தில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரு முழு நாளுக்கும் மேலாக வண்டியிலேயே இருக்க வேண்டும். அதன் பின்னும் சொந்த ஊரை அடைய இன்னொரு வண்டி, ஒரு பேருந்து, சில வேளைகளில் சிறிது நடை. இவ்வளவு தொலைவைக் கடந்து வரும் குழந்தைகளுக்கு ஊரில் காத்திருப்பவை அப்பத்தா செய்து வைத்த பலகாரமும் மாமரத்து நிழலும் மட்டுமல்ல, போட்டிகளும் காத்திருக்கின்றன.

வெயில் தாழ்ந்ததும் வீட்டு முற்றத்தில் ஏதேனும் ஒரு போட்டி தொடங்கிவிடும். யார் வேகமாக ஓடுகிறார், யார் நெடுநேரம் மூச்சுப் பிடிக்கிறார், யார் முதலில் மாங்காயைக் கல்லால் அடித்து வீழ்த்துகிறார் என்று எல்லாமே போட்டிதான். பரிசு என்று பெரிதாக எதுவும் இராது. வென்றவர் முதல் மாம்பழத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவே. ஆயினும் அந்த முற்றத்தில் ஆடுவோருக்கு அது சிறிய செய்தியன்று.

ஒரு மாலைப்பொழுது

சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அத்தகைய மாலைப்பொழுது ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பெரியப்பாவின் மகள், அத்தையின் மகன்கள் இருவர், சித்தப்பாவின் மகன், தில்லியிலிருந்து வந்துள்ள சிறுமி என ஐவர் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். சிறுமி ஏழாம் வகுப்பு முடித்தவள். அன்றைய போட்டி சொற்சங்கிலி. ஒருவர் சொல்லும் சொல்லின் கடைசி எழுத்தைக்கொண்டு அடுத்தவர் ஒரு சொல்லைத் தொடங்க வேண்டும். சொல்ல இயலாதவர் ஆட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும்.

ஆட்டம் தொடங்கும் முன்பே உள்ளிருந்து அத்தையின் குரல் கேட்கிறது: “பாவம், அவள் தில்லியில் வளர்ந்த பிள்ளை. அவளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. அவளை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்துக்கொள்ளுங்கள்.”

அத்தை அன்போடுதான் சொல்கிறார். ஏனையோரும் உடனே இசைகின்றனர். சிறுமி சொல் சொல்லாவிட்டாலும் யாரும் அவளை வெளியேற்றவில்லை. அவள் ‘மழை’ என்றபோதும் யாரும் அதைக் கணக்கில் எழுதவில்லை. மூன்று சுற்றுகள் கழிந்தபின் அவள் தண்ணீர் குடிக்க எழுந்து செல்கிறாள், திரும்பி வரவில்லை. ஆட்டம் அவள் இல்லாமலே நடந்து முடிகிறது. அவள் எழுந்து போனதை எவரும் கவனிக்கவுமில்லை.

இந்தச் சிறு நிகழ்வில் யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. எனினும் ஒரு தவறு நிகழ்ந்துவிட்டது. அது எத்தகைய தவறு என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அன்பும் அதன் குறையும்

‘ஒப்புக்குச் சப்பாணி’ என்பது தமிழ்நாட்டுத் தெருக்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர். பெரிய பிள்ளைகள் ஆடும்போது மிகச் சிறிய குழந்தை ஒன்று தானும் ஆட வேண்டும் என அடம்பிடிக்கும். அதை விரட்டவும் மனம் வராது. முழு ஆட்டக்காரராகச் சேர்க்கவும் இயலாது. எனவே அதை ஆட்டத்தில் இருப்பதுபோல் வைத்துக்கொள்வர். அது பிடிபட்டாலும் ஆட்டமிழப்பதில்லை. அது பிடித்தாலும் கணக்கில் சேர்வதில்லை. சப்பாணி என்ற சொல் கால் ஊனமுற்றவரைக் குறிப்பது. உடற்குறையைக் கேலிப்பொருளாக்கும் அச்சொல்லை இன்று கைவிடுவதே முறை. ஆனால் அச்சொல்லைக் கைவிட்டால் மட்டும் போதுமா? அது குறிக்கும் வழக்கத்தையும் நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த ஏற்பாடு பொருத்தமானதே. கணக்கு என்ற ஒன்று உண்டு என்பதே அதற்குத் தெரியாது. ஓடினாலே அதற்கு மகிழ்ச்சி. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. தன் பெயர் எழுதப்படவில்லை என்பதை அவள் அறிவாள். தான் தோற்கவும் முடியாது, வெல்லவும் முடியாது என்பதையும் அறிவாள். தோற்க முடியாதவரை எவரும் எதிராளியாகக் கொள்வதில்லை. எதிராளியாகக் கொள்ளப்படாதவர் கூட்டாளியாகவும் ஆவதில்லை. அவர் வெறும் பார்வையாளர். பார்வையாளர் என்ற பெயர்கூட இல்லாத பார்வையாளர்.

தில்லியில் அவளைத் ‘தமிழ்ப் பெண்’ என்கின்றனர். ஊரிலோ ‘தில்லிப் பெண்’ என்கின்றனர். இரண்டு இடங்களிலும் அவள் பாதி சேர்க்கப்பட்டவளாகவே நின்றால், எந்த இடத்தை அவள் தன் இடமென்று கருதுவாள்? விளையாட்டில் கணக்கிடப்படுவதும் கணக்கிடப்படாததும் சிறிய செய்தி அன்று என்பதற்கு இதுவே காரணம்.

விட்டுக்கொடுத்தல் தீர்வாகுமா?

“அப்படியானால் பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்றுக் குழந்தையை வெல்லச் செய்யலாமே” என்பர் சிலர். பல வீடுகளில் இவ்வாறே நடக்கிறது. தாத்தா காயைத் தவறான இடத்தில் நகர்த்துவார். சித்தப்பா ஓட்டத்தின் நடுவே கால் இடறியதுபோல் நிற்பார். குழந்தை வெல்லும், வீடே கைதட்டும்.

இந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைப்பதில்லை. குழந்தைகள் கூர்ந்து நோக்குபவர்கள். ஒரு நாள் அவர்கள் உண்மையைக் கண்டுகொள்வார்கள். அன்று முதல், உண்மையாகப் பெற்ற வெற்றியையும் அவர்கள் ஐயுறத் தொடங்குவார்கள். ஒளித்துக் கொடுக்கப்பட்ட வெற்றி இவ்வாறு பழைய வெற்றிகளையும் சேர்த்து அழித்துவிடுகிறது.

“விடுமுறையில் போட்டியே எதற்கு? ஆண்டு முழுவதும் பள்ளியில் தேர்வும் மதிப்பெண்ணும் துரத்துகின்றன. ஊரிலாவது பிள்ளைகள் அமைதியாக இருக்கட்டும்” என்று வேறு சிலர் கூறுவர். இக்கருத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மதிப்பெண்ணுக்காக ஓடிக் களைத்த பிள்ளைக்கு ஓய்வு தேவை. ஆயினும் பள்ளித் தேர்வும் முற்றத்துப் போட்டியும் ஒன்றல்ல. தேர்வில் தோற்றால் அதன் சுவடு ஏட்டில் நிற்கும். முற்றத்தில் தோற்றால் அடுத்த மாலையே மீண்டும் ஆடலாம். தோல்வியை அச்சமின்றிச் சுவைத்துப் பழக, விடுமுறைப் போட்டியைவிடச் சிறந்த இடம் வேறில்லை. மேலும், ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே சந்திக்கும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் என்ன பேசிக்கொள்வர்? பேச்சு வராத இடத்தில் விளையாட்டு வரும். விளையாடிய பின் பேச்சு தானே வரும்.

ஆகவே, போட்டியை நீக்குவதும் தீர்வன்று. பொய்யாகத் தோற்பதும் தீர்வன்று. போட்டியை எவ்வாறு அமைப்பது என்பதில்தான் தீர்வு உள்ளது.

வெளிப்படையான சலுகை

திறமையில் ஏற்றத்தாழ்வு உள்ளவர்கள் ஒன்றாக ஆடுவது எப்படி என்ற சிக்கல் புதிதன்று. உலகின் பல விளையாட்டுகள் இதற்கு நேர்மையான வழி கண்டுள்ளன. சதுரங்கத்தில் வலிய ஆட்டக்காரர் தம் காய்களுள் ஒன்றைத் தொடக்கத்திலேயே நீக்கிவிட்டு ஆடும் வழக்கம் முற்காலத்தில் பரவலாக இருந்தது. கிழக்காசிய நாடுகளில் ஆடப்படும் ‘கோ’ என்னும் பலகை விளையாட்டில் கற்றுக்குட்டி தன் கருங்காய்களை இரண்டு முதல் ஒன்பது வரை முன்கூட்டியே பலகையில் வைத்துக்கொள்ளலாம். கோல்ஃப் விளையாட்டில் ஒவ்வொருவரின் திறமைக்கேற்ப ஓர் எண் குறிக்கப்பட்டு, அது அவருடைய கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது.

இவற்றில் எதுவும் மறைவாக நடப்பதில்லை. சலுகை எவ்வளவு என்பது இருவருக்கும் தெரியும். அதன்பின் இருவரும் முழு வலிமையோடு ஆடுவர். சலுகை பெற்றவர் வென்றால் அந்த வெற்றி உண்மையானது. தோற்றால் அந்தத் தோல்வியும் உண்மையானது. முற்றத்திலும் இதைச் செய்யலாம். ஓட்டப்பந்தயத்தில் சின்னவர் பத்தடி முன்னால் நிற்கட்டும். சொற்சங்கிலியில் வெளியூர்ப் பிள்ளைக்குச் சிந்திக்க இரு மடங்கு நேரம் அளிக்கப்படட்டும். ஆனால் அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் கணக்கில் ஏறட்டும்.

வெளியே அனுப்பும் ஆட்டமும் உள்ளே அழைக்கும் ஆட்டமும்

ஆட்டத்தின் அமைப்பையும் நோக்க வேண்டும். இசை நாற்காலிப் போட்டியை எல்லோரும் அறிவர். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாற்காலி குறையும். இடம் கிடைக்காதவர் வெளியேறுவார். முதலில் வெளியேறுபவர் யார்? பெரும்பாலும் கூச்சம் மிகுந்தவர், அல்லது ஆட்டத்துக்குப் புதியவர். யாருக்குப் பழக்கம் மிகுதியாகத் தேவையோ அவரே மிகுதியான நேரம் ஓரமாக நிற்கிறார்.

சடுகுடு என்னும் கபடியில் நிலைமை வேறு. ஒரு பக்கத்துக்கு எழுவர் ஆடுகின்றனர். பிடிபட்டவர் வெளியே செல்வது உண்மைதான். ஆனால் அவருடைய அணியினர் எதிரணியில் ஒருவரை வீழ்த்தினால் வெளியே சென்றவர் மீண்டும் உள்ளே வருவார். அதுவும் முதலில் வெளியேறியவரே முதலில் வருவார். வெளியே நிற்பவர் சும்மா நிற்பதில்லை. தன் அணி தன்னை மீட்கும் என்று எதிர்பார்த்து நிற்கிறார்.

பல்லாங்குழியிலும் இதே பண்பைக் காணலாம். பலகையில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். எல்லாக் குழிகளிலும் சம அளவில் புளியங்கொட்டையோ சோழியோ இட்டு ஆட்டம் தொடங்கும். ஒரு சுற்றில் காய்களை இழந்தவர் எஞ்சியுள்ள காய்களைக்கொண்டு எத்தனை குழிகளை நிரப்ப முடியுமோ அத்தனையை நிரப்பி அடுத்த சுற்றை ஆடலாம். நிரம்பாத குழிகள் மட்டும் ஆட்டத்தில் சேரா. நான்கு குழிகளோடு ஆடுபவர் அடுத்த சுற்றில் ஏழு குழிகளையும் மீட்பதுண்டு. இழந்தவரை அனுப்பிவிடாமல் எஞ்சியதைக்கொண்டு ஆடு என்று சொல்லும் விளையாட்டு அது. குடும்பப் போட்டிகளுக்கு இத்தகைய விளையாட்டுகளே ஏற்றவை.

எழுத்தும் சிரிப்பும்

இனி, அந்தச் சிற்றூர்த் திண்ணைக்குத் திரும்பலாம். மறுநாள் மாலை. முந்தைய நாள் சிறுமி எழுந்து சென்றதை ஒருவர் மட்டும் கண்டிருந்தார், அவர் அப்பத்தா. அவர் நீளமாக எதுவும் பேசவில்லை. ஒரு கரித்துண்டை எடுத்துத் திண்ணைச் சுவரில் ஐந்து பேரின் பெயர்களையும் எழுதச் செய்தார். “இன்றைக்கு யாரும் வெளியே போகக் கூடாது. சொன்னால் ஒரு கோடு, சொல்லாவிட்டால் கோடு இல்லை” என்றார்.

ஆட்டம் நடக்கிறது. பெரியப்பா மகள் ‘வீடு’ என்கிறாள். அடுத்த முறை சிறுமிக்கு. ‘டு’ என்ற எழுத்தில் தொடங்க வேண்டும். அவள் தயங்குகிறாள். அத்தை மகன் சிரிக்கிறான், “டம்ளர், டவுன், டீ என்று எத்தனையோ இருக்கின்றனவே!” என்கிறான். “அவை ‘டு’வில் தொடங்கவில்லை, தமிழ்ச் சொற்களும் அல்ல” என்கிறாள் சிறுமி. பின், மெதுவாக, பயிற்சி நூலில் படித்ததைச் சொல்கிறாள்: “தமிழில் ‘ட’ என்னும் எழுத்து சொல்லுக்கு முதலில் வராது.”

திண்ணையில் அமைதி. அவள் சொன்னது சரியே. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்பது இலக்கணம் கூறும் விதி. மொழிமுதல் எழுத்துகளை நன்னூல் முதலிய இலக்கண நூல்கள் வரையறுத்துள்ளன. ஊரில் வளர்ந்த பிள்ளைகள் அந்த விதியை அறியாமலே பின்பற்றி வந்தனர். வெளியூரில் விருப்பப்பாடமாகத் தமிழ் பயின்ற பிள்ளைக்கோ அது படித்துப் பெற்ற அறிவாக இருந்தது. காற்றுப்போல் இயல்பாக மொழியைப் பெற்றவர் அறியாததை, படிப்படியாக ஏறி அதை அடைந்தவர் அறிந்திருப்பதுண்டு.

தாத்தா தீர்ப்புச் சொன்னார். கடைசி எழுத்து சொல்லுக்கு முதலில் வராத எழுத்தானால் அதற்கு முந்தைய எழுத்தைக் கொள்ள வேண்டும் என்பது புதிய விதி. ‘வீடு’ என்பதில் ‘வீ’யைக்கொண்டு சிறுமி ‘வீணை’ என்றாள். அடுத்தவன் ‘வீரம்’ என்றான். ‘மரம்’, ‘மஞ்சள்’ என்று சங்கிலி நீண்டது.

சிறிது நேரத்தில் அத்தை மகன் ‘பளம்’ என்றான். பழத்தைத்தான் அவ்வாறு சொன்னான். எல்லோரும் சிரித்தனர், அவனும் சிரித்தான். தென் மாவட்டங்களின் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பது பரவலான வழக்கு. எனவே, நா பிறழ்வது தில்லிப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. சிரிப்பதில் தவறில்லை, சிரிப்பில்லாத முற்றம் முற்றமாகாது. ஆனால் ஒருவர் சொல்லைக் கேட்டுச் சிரிப்பது வேறு. சொன்னவரைப் பார்த்துச் சிரிப்பது வேறு. முன்னதில் சொன்னவரும் சேர்ந்து சிரிப்பார். பின்னதில் அவர் மட்டும் சிரிக்கமாட்டார். அடுத்த முறை அவர் வாயைத் திறக்கவும் மாட்டார். வாயைத் திறக்காதவருக்கு மொழி எப்படி வரும்?

பிள்ளைகளின் கடமை

பெரியவர்களுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் மட்டுமே கடமை உண்டு என்று கருதிவிடக் கூடாது. வெளியூரிலிருந்து வரும் பிள்ளைக்கும் கடமை உண்டு. தோற்றவுடன் கைபேசியை எடுத்துக்கொண்டு மூலையில் அமர்வது முறையன்று. உடன்பிறந்தாரோடு மற்றவர்க்குப் புரியாத மொழியில் பேசிச் சிரிப்பதும் முறையன்று. தனக்கு நேரும்போது வலிப்பது பிறருக்கும் வலிக்கும்.

அவர்கள் கொண்டுவரத் தக்க செல்வமும் உண்டு. தில்லித் தெருக்களில் ஏழு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பந்தால் கலைத்து, பந்தடி படாமல் மீண்டும் அடுக்கும் ‘பிட்டூ’ விளையாட்டை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். தில்லியில் ‘ஸ்டாப்பூ’ என்று சொல்லிக் கட்டங்களில் நொண்டியடித்து ஆடுவதும், தமிழ்நாட்டில் ‘சில்லுக்கோடு’ என்றும் ‘பாண்டி’ என்றும் சொல்லி ஆடுவதும் ஏறத்தாழ ஒன்றே என்று கண்டு வியக்கலாம். கற்பிக்கும் வாய்ப்புப் பெற்றவர் விருந்தினராக நில்லாமல் அந்த முற்றத்தின் உரிமையாளராகிறார்.

முடிவு

அன்றைய போட்டியில் சிறுமி வெற்றி பெறவில்லை. ‘யா’ என்ற எழுத்து அவளைக் கவிழ்த்துவிட்டது. யானை, யாழ், யார் ஆகியவற்றை மற்றவர்கள் முன்பே சொல்லிவிட்டனர். வேறு சொல் அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டு சுற்றுகளில் அவள் பெயருக்கு நேரே கோடு விழவில்லை. ஐவருள் நான்காவதாக வந்தாள். முதல் மாம்பழம் பெரியப்பா மகளுக்குச் சென்றது. நான்காவது மாம்பழம் சிறுமிக்கு. அன்றிரவு அவள் தாத்தாவிடம் சென்று, ‘யா’வில் தொடங்கும் சொற்கள் வேறு எவை என்று கேட்டாள். தாத்தா யாத்திரை, யாக்கை, யாப்பு, யாண்டு என்று சொல்லிக்கொண்டே போனார். அவற்றின் பொருளைக் கேட்டுக் கேட்டு அவள் எழுதிக்கொண்டாள். முந்தைய இரவில் அவள் எவரிடமும் எதையும் கேட்கவில்லை.

இந்த வேறுபாட்டை உண்டாக்கியது சுவரில் கரியால் எழுதப்பட்ட ஒரு பெயர். அவளுக்கு வேண்டியிருந்தது பாராட்டுமன்று, பரிவுமன்று. தோற்கும் உரிமையே வேண்டியிருந்தது. அந்த உரிமை உடையவருக்கே மறுநாள் மீண்டும் ஆடும் ஆவல் பிறக்கிறது; அந்த ஆவலே மொழியையும் உறவையும் வளர்க்கிறது.

ஆகவே, விடுமுறையில் ஊருக்கு வரும் பிள்ளையை இரக்கத்தோடு ஓரத்தில் அமர்த்த வேண்டா. சலுகை வேண்டுமாயின் வெளிப்படையாகக் கொடுங்கள். தவறினால் சேர்ந்து சிரியுங்கள். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன், சுவரில் அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள்.